தலையில்லாத எட்டு போல்ட்டுகள்

விமான நிலையத் தராசு என் பெட்டியில் மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது. கவுண்டரில் இருந்த பெண் எதையாவது எடுத்துவிடச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் யோசிக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து மேலே மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்து, வழியனுப்ப வந்திருந்த அறைத்தோழன் கையில் திணித்தேன். கம்பளிக்கு அடியில் எட்டு ஸ்டட் போல்ட்டுகளும் பதினாறு நட்டுகளும் ஒரு பழைய பனியனில் சுற்றிக் கிடந்தன. அவையும் இரண்டரைக் கிலோ தேறும். அவற்றின் பக்கம் என் கை போகவே இல்லை.

அந்தக் கம்பளியைக் கேட்டது என் மனைவி. நான் வளைகுடாவில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. இலங்கை மலையகத்தில் எங்கள் வட்டகொடைப் பக்கம் ஜூன், ஜூலை மாதங்களில் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த பூப்போட்ட தடிக் கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, போனில் சொன்னாள், வரும்போது அந்த மாதிரி ஒன்று கொண்டு வாருங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று. வாங்கினேன். வாங்கியதும் நான்தான், தூக்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஸ்டட் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண போல்ட்டுக்கு ஒரு பக்கம் தலை இருக்கும். ஸ்டட்டுக்குத் தலை கிடையாது. இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் திருகுப்புரிதான். இரண்டு பக்கமும் நட்டுப் போட வேண்டும். எண்ணெய்க் கிணற்றின் வாயில் பாரமான வால்வுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இந்த ஸ்டட்டுகளால்தான் பிடித்துக் கட்டுவார்கள். பூமிக்குள்ளிருந்து எண்ணெயும் வாயுவும் மேலே தள்ளுகிற தள்ளலை அவை தாங்க வேண்டும். ஒன்று அறுந்தால் அந்த இடத்தில் நிற்பவன் வீட்டுக்குப் போகமாட்டான்.

தலை இல்லாததால் ஒரு தொல்லை உண்டு. ஒரு பக்கத்து நட்டை முடுக்கினால் ஸ்டட்டும் மறுபக்கத்து நட்டும் சேர்ந்து சும்மா சுற்றும். அதனால் ஒருவன் முடுக்கும்போது இன்னொருவன் மறுபக்கத்தில் ஸ்பேனரைப் போட்டு அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வளைகுடாவில் அந்த வால்வுகளைப் பூட்டும் ஒரு பட்டறைக்கு நான் போன புதிதில், இரண்டு வருடம் அந்த மறுபக்கத்து ஆளாக இருந்தேன். முடுக்குகிறவனுக்கு ஒவ்வொரு இழுப்பிலும் நட்டு நகர்வது தெரியும். பிடிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, யார் முடுக்கியது என்று கேட்பார். யார் பிடித்தது என்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அந்த ஆள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

பிறகு என்னைச் சோதனை அறைக்கு மாற்றினார்கள். புதிதாக வரும் ஸ்டட்டுகளின் புரியை வளையம் போட்டுப் பார்ப்பது என் வேலை. இரண்டு வளையங்கள். ஒன்று நுனி வரை லேசாக ஓட வேண்டும், மற்றது ஓடவே கூடாது. முதலாவது சிக்கினாலும் தள்ளுபடி, இரண்டாவது ஓடினாலும் தள்ளுபடி. பத்து வருடம் பகலெல்லாம் நான் அதிகம் சொன்ன வார்த்தைகள் ‘போகும்’, ‘போகாது’ என்ற இரண்டும்தான். அந்த அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

தங்குமிடத்தில் நாங்கள் நான்கு பேர், நான்கு மொழி. பக்கத்து அறைகளில் தமிழர்கள் இருந்தார்கள். இலங்கை என்றதும் யாழ்ப்பாணமா என்பார்கள். இல்லை, மலையகம் என்றால், எந்த மலை என்பார்கள். தேயிலை மலை என்பேன். அப்படியா என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். நானும் அதற்கு மேல் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற ரகம் இல்லை.

தினமும் அவளோடு போனில் பேசுவேன். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பேன், சாப்பிடாத நாட்களிலும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். எனக்கென்ன, நல்லா இருக்கேன் என்பாள். இந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தினோம்.

அந்த எட்டு ஸ்டட்டுகள் கடைசி வாரத்தில் என் கைக்கு வந்தன. நீலப் பூச்சு பூசிய சின்ன ஸ்டட்டுகள். புரியில் ஒரு குறையும் இல்லை, இரண்டு வளையமும் சொன்னபடி நடந்தன. ஆனால் நுனியில் அடிக்க வேண்டிய எண் முத்திரை தவறாக விழுந்திருந்தது. எந்த உருக்கில் செய்தது என்று நுனியைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு நல்ல ஸ்டட்டாக இருந்தாலும் குப்பைதான். நான் வேலையை விட்டுப் போகிறேன் என்றதும் சோதனை அறை மேற்பார்வையாளர், நினைவுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். இந்த எட்டையும் கேட்டேன். சிரித்துக்கொண்டே, வெளியே கொண்டுபோக வாசல் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எதற்கு என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை. பத்து வருடத்தில் நான் தொட்ட ஒரு ஸ்டட்டாவது எங்கே போய் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நான் பார்த்ததில்லை. இந்த எட்டு மட்டுமாவது என் கண் முன்னால் எதையாவது பிடிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இது கிறுக்குத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சவர்க்காரம், பால்மா, பேரீச்சம்பழம், ஒரு கைப்பை. கடைசியில் பனியன் மூட்டை. அவிழ்த்துப் பார்த்தாள். கம்பளி எங்கே என்று கேட்டாள். பாரம் கூடிவிட்டது, எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் ஒரு ஸ்டட்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். தினமும் கொழுந்துக் கூடை சுமந்து பழகியவளுக்குப் பாரம் பார்க்கத் தராசு தேவையில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள். அவள் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

என் வீட்டில் எனக்கு எதுவும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சீனி டப்பாவைத் தேடினால் உப்பு டப்பா வந்தது. கதவை எந்தப் பக்கம் அழுத்தினால் கொக்கி விழும் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த வித்தையாக இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத லீவில் வந்து போகிறவனுக்கும் அவன் மனைவிக்கும் அது கைகூடவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. விடியற்காலையில் எழுந்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் கிளம்பிப் போய்விடுவாள். அவள் போன பிறகு கதவைக் காற்று படீர் படீரென்று அடிக்கும். சில நாட்களில் கதவுக்கு அணையாக ஒரு நீல ஸ்டட் வந்து நின்றது. அவள்தான் வைத்திருந்தாள்.

ஒரு நாள் அடையாள அட்டையைத் தேடி அலுமாரியைக் குடைந்தபோது ஒரு கிளினிக் அட்டை கிடைத்தது. அவள் பெயரில். நான்கு வருடத்துக்கு முன்பு வயிற்றில் ஆப்பரேஷன் செய்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். அந்தப் பதினொரு நாளும் என்னோடு போனில் பேசினாள். சோறு ஆக்கி வைத்துவிட்டேன் என்றுகூட ஒருநாள் சொன்னாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காதான் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். ஓய்வுபெற்ற தொழிலாளி, எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர், நாக்கில் நெருப்பு வைத்திருப்பவர். அவரும் என்னிடம் மூச்சுவிடவில்லை.

கொழுந்து பறித்துவிட்டு அவள் மலையிலிருந்து வந்ததும் அட்டையை முன்னால் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் பெரிதாகிவிடும். அவள் கூடையை இறக்கி வைத்து, படங்கை அவிழ்த்து, மடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“சொன்னா என்னா செஞ்சிருப்பீங்க? அழுதிருப்பீங்க. அங்கன ஒக்காந்து அழுது யாருக்கு என்னாங்க பிரயோசனம்?”

அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பேசாத வீட்டில் இருந்து அவளுக்குப் பழக்கம்.

நான் வந்து மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஒரு தாளைக் கொண்டு வந்து வைத்தாள். சைப்ரஸில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, மருத்துவச் சோதனையும் முடிந்துவிட்டது. ஏஜென்சிக்காரர்களுக்குக் கணவனின் கையெழுத்து மட்டும் வேண்டுமாம். நான் வருவதற்கு முன்பே தொடங்கிய காரியம் என்று தேதிகளைப் பார்த்தால் தெரிந்தது.

நான் குதித்தேன். நீ போகக் கூடாது என்பதற்காகத்தானே நான் போனேன், இனி யாரும் போக வேண்டாம் என்பதற்காகத்தானே வந்தேன் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

“பன்னெண்டு வருசமா இந்த மலையையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வர்றவங்கள வழியில நின்னு பாத்தேன், போறவங்கள வழியில நின்னு பாத்தேன். நானும் ஒரு தடவ போயிட்டு வாரேங்க. நீங்க இருங்க.”

எத்தனை வருடம் என்று கேட்டேன். முதலில் இரண்டு, பிறகு பார்க்கலாம் என்றாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். கோபமில்லை என்றாள். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். நான் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை, அறையில் இன்னொரு ஆள் மூச்சுவிடுவது புதிதாக இருக்கிறது என்று. அதைக் கேட்டது, அன்று கேட்ட எல்லாவற்றையும்விட வலித்தது.

தாள் காற்றில் பறக்காமல் இருக்க அலுமாரித் தட்டில் வைத்து, மேலே ஒரு ஸ்டட்டை வைத்தாள். அங்கேயே மூன்று வாரம் கிடந்தது. அவள் கையெழுத்துப் போடுங்க என்று ஒரு தடவைகூட நச்சரிக்கவில்லை. நானும் அந்தத் தட்டின் பக்கம் போகவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் எனக்குத் தண்ணீர்க் குழாய் விஷயம் தலைக்கேறியது. எங்கள் லயங்களுக்கு மேலே, ஓடையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் கொண்டு வரும் வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை அதை ஒட்டித்தான் வரும். இரண்டு குழாய்களின் வாய்த்தட்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் எட்டுத் துளைகள். அதில் மூன்றில்தான் துருப்பிடித்த போல்ட்டு இருந்தது. மிச்சத்துக்கு டியூப் ரப்பரும் கம்பியும் சுற்றி வைத்திருந்தார்கள். இரவும் பகலும் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் போய்த் துளைக்குள் என் ஸ்டட்டை விட்டுப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உள்ளே போயிற்று. எட்டுத் துளை, எட்டு ஸ்டட்.

அந்தக் குழாயைச் சரிசெய்துவிட்டால் அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இந்த ஊருக்குப் பிரயோசனமான ஒரு ஆள் இந்த வீட்டில் இருக்கிறான் என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும். லயத்துத் தலைவரிடம் கேட்டேன். நல்ல காரியம்தானே, செய்யுங்க என்றார். பெண்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கதவுக்கு அணையாக நின்றதையும் தாளின் மேல் இருந்ததையும் எடுத்துக்கொண்டு, எட்டோடும் மேலே போனேன். தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினேன். ஓடையில் சாக்கை அடைத்துத் தண்ணீரை நிறுத்தினேன். பழைய போல்ட்டுகளை அறுத்தெடுத்து, தட்டுகளைச் சுரண்டி, லொறி டியூபில் வட்டமாக வெட்டிய கேஸ்கட்டை நடுவில் வைத்தேன். எட்டு ஸ்டட்டையும் செருகி, இரண்டு பக்கமும் கையால் நட்டுப் போட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

முடுக்க ஆரம்பித்தால் சுற்றியது. நட்டு, ஸ்டட், மறுபக்கத்து நட்டு எல்லாம் சேர்ந்து சுற்றின. பன்னிரண்டு வருடம் ஸ்டட்டோடு வாழ்ந்தவன் இன்னொரு ஆள் வேண்டும் என்பதை மறந்துபோனேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மறக்கவில்லை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்ற திமிர். மறுபக்கத்து ஸ்பேனரைக் கயிற்றால் குழாயோடு கட்டினேன். கயிறு வழுக்கியது. கல்லை முட்டுக் கொடுத்தேன். கல் பிதுங்கி உருண்டது. இடது கையால் பின்பக்கம் பிடித்து வலது கையால் முன்பக்கம் முடுக்கப் பார்த்தேன். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. உதவிக்குக் கூப்பிட ஆண்கள் இல்லை, லயத்தில் வேலை செய்கிற வயதுள்ளவர்கள் பாதிப்பேர் கொழும்பில். நான் அந்தக் குழாயைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன்.

அவள் கொஞ்சம் கீழே, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து, குழாய்க்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். எத புடிக்கணும் என்று கேட்டாள். காட்டினேன். ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அசையவில்லை. நான் பட்டறையில் பார்த்த எத்தனையோ தடியன்களைவிட உறுதியாகப் பிடித்தாள். ஒன்றை முடுக்கி, அதற்கு நேர் எதிரில் இருப்பதை முடுக்கி, பிறகு குறுக்கே என்று மாறி மாறிப் போனோம். ஒரே பக்கமாக முடுக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் வாய் பிளந்துவிடும் என்று சொன்னேன். சரி என்றாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூன்று சுற்று. நடுவில் ஒரு தடவை, நான் சும்மா புடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறேன், இது ஒரு வேலையாங்க என்றாள். அதுதான் வேலை என்றேன். இந்தப் பக்கம் நின்று பேசுவது எனக்கு எளிதாக இருந்தது. நடுவில் குழாய் இருந்தது, இரண்டு பேரும் குனிந்தே இருந்தோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தது அன்றுதான்.

சாக்கை எடுத்துத் தண்ணீரை விட்டேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எட்டு நீல ஸ்டட்டும் அந்தக் கறுத்த குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துணியைப் பிழியப் போய்விட்டாள்.

மறுநாள் பின்னேரம் வாசலில் சத்தம். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் ஏழெட்டுப் பேர், முழங்கால் வரை சேறும், அதில் அங்கங்கே அட்டைக்கடி இரத்தமுமாக நின்றார்கள். முன்னால் பக்கத்துக் காம்பரா அக்கா, அவர் இப்போது மலைக்கே போவதில்லை, நியாயம் கேட்பதற்காக வந்து சேர்ந்திருந்தார்.

“தம்பி, ஒங்க இரும்பு நல்லாத்தான் இருக்கு. இவளுங்க இனி அட்டைய எங்க போயி கழுவுறது?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஒழுகல் ஒழுகல் இல்லை. பாதை ஓரத்தில் சரியாகக் கணுக்கால் உயரத்தில் தண்ணீர் பீச்சுகிற இடம் அது ஒன்றுதான். மலையிலிருந்து இறங்குகிற அத்தனை பேரும் அங்கே நின்று, காலைக் காட்டி, சேற்றையும் அட்டையையும் கழுவிவிட்டுத்தான் லயத்துக்குள் வருவார்கள். வருடக்கணக்காக யாரும் அதைச் சரிசெய்யச் சொல்லாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் திருதிருவென்று விழித்தேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றரை மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வந்த பெண்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல், ஏதாவது வழி பண்ணுங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன், உனக்கு இது முன்பே தெரியுமா என்று. தெரியாமல் என்ன, பன்னிரண்டு வருடமாக நானும் அங்கேதானே கால் கழுவுகிறேன் என்றாள். அப்புறம் எதற்காக வந்து பிடித்தாய் என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“நீங்க ஒத்தையா நின்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க. பாக்க முடியல.”

சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்தேன். பொழுது சாய்வதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெரிய மனது என்று நினைத்துவிட வேண்டாம். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு நியாயமும் மிச்சம் இல்லை. அவள் பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டு, அந்தக் குழாயை என்ன செய்வது என்று கேட்டாள். ரப்பர் கேஸ்கட் ஒரு நாளில் அமுங்கிக் கொடுக்கும், அதனால் மறுநாள் திரும்ப ஒரு சுற்று முடுக்குவது வழக்கம், முடுக்காமல் விட்டால் தானாகக் கசிய ஆரம்பித்துவிடும் என்றேன். அப்ப விட்டுருங்க என்றாள். என் வாழ்க்கையில் அரைகுறையாக விட்ட முதல் வேலை அதுதான். ஒரு வாரத்தில் கசிந்தது. இரண்டு வாரத்தில் கால் கழுவப் போதுமான அளவு பீச்சியது.

ஒக்டோபரில் அவள் போனாள். விமான நிலையத்தில் அவள் பெட்டி பாரம் கூடவில்லை, ஐந்து கிலோ குறைவாகவே இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வரிசையில் தனக்கு முன்னால் நின்ற பெண்ணோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது நான் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் லீக்ஸ் பாத்தி போட்டிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பக்கத்து டவுன் தலவாக்கலையில் ஒரு கராஜுக்கு வேலைக்குப் போகிறேன். சீனி டப்பா எங்கே என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாவற்றையும் நான்தான் வைக்கிறேன். கதவு காற்றில் அடிக்கிறது, அணைக்க வைத்திருந்த ஸ்டட் குழாயில் இருக்கிறது. ஒரு செங்கல்லை வைத்திருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டீங்களா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். உனக்கு எப்படி என்கிறேன். எனக்கென்ன என்கிறாள். அந்த அம்மா நல்லவர், ஆனால் ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை கேட்கிறாராம். முதல் மாதமே பூப்போட்ட தடிக் கம்பளி ஒன்று வாங்கி வைத்துவிட்டாளாம், வரும்போது பெட்டியில் முதலில் அதைத்தான் வைப்பாளாம். அவள் அதைக் குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று நான் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இருந்தபோது தெரியவில்லை.

தை மாதம் மழை விட்டதும் ஓடையில் தண்ணீர் குறைந்தது. குழாயின் கசிவோ பெருகிவிட்டது. தொட்டி நிறையவில்லை. பக்கத்துக் காம்பரா அக்காவே வந்து, கால் கழுவுகிற அளவுக்கு விட்டுவிட்டு மிச்சத்தை முடுக்கிவிடுங்க தம்பி என்றார். போய்ப் பார்த்தேன். நீலப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. முடுக்கிப் பார்த்தேன். சுற்றியது. நான் வேணும்னா புடிக்கவா என்று அக்கா கேட்டார். அவருக்கு அந்தப் பலம் இருக்கிறது, சந்தேகமில்லை. இருக்கட்டும் அக்கா, பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஸ்பேனர்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள், தண்ணி ஒழுங்கா வருதா, அக்கா ஏதோ சொன்னாங்களே என்று. அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது. நான் முடுக்கிவிட்டேன், இப்போது எல்லாம் சரி என்றேன்.

அந்தக் கிழவி பின்னாலிருந்து அவளை ஏதோ ஒரு மொழியில் கூப்பிடுவது கேட்டது.

“யாரு அந்தப் பக்கம் புடிச்சா?”

நான், நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன்.